காட்டுக் காளான்களுக்கு ஏன் இத்தனை வடிவங்கள்?

தென்மேற்குப் பருவமழை பிடித்துச் சில நாள்கள் ஆனபின் ஆனைமலையிலோ நீலகிரியிலோ ஒரு சோலைக்காட்டின் ஓரமாக நடந்தால், முந்தைய வாரம் வெறும் சருகாகக் கிடந்த தரையில் குடை வடிவிலும் கிண்ண வடிவிலும் பந்து வடிவிலும் காளான்கள் தோன்றியிருப்பதைக் காணலாம். விழுந்த மரத்தில் விசிறிபோல் அடுக்கடுக்காக நிற்பவையும், குண்டூசித் தலையளவே உள்ளவையும், வெண்ணிற வலையைப் போர்த்திக்கொண்டு நிற்பவையும் அவற்றில் இருக்கும். இவற்றைப் பற்றி நம்மிடையே பேச்சு நிறையவே உண்டு. இடி இடித்ததால் முளைத்தன என்பார்கள், செடியினம் என்பார்கள், பளிச்சென்ற நிறமுடையது நஞ்சு, வெள்ளையானது உணவு என்பார்கள். அண்மைக் காலமாக, காட்டு மரங்கள் எல்லாம் பூஞ்சை வழியே பேசிக்கொள்கின்றன என்ற செய்தியும் இவற்றோடு சேர்ந்துகொண்டது. இக்கூற்றுகளில் சில முழுத் தவறு, சில பாதி உண்மை.

காளானின் வடிவமும் நிறமும் மணமும் காரணமின்றி அமைந்தவை அல்ல. இது எதை உண்டு வாழ்கிறது, தன் இனத்தை எப்படிப் பரப்புகிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால், காட்டில் காணும் பெரும்பாலான காளான்களின் தோற்றம் விளங்கத் தொடங்கும். விளங்கிய பிறகு அவற்றின் அழகு கூடுமே தவிரக் குறையாது என்பது என் உறுதியான எண்ணம்.

## செடியும் அன்று, விலங்கும் அன்று

காளான் நகர்வதில்லை, மண்ணிலிருந்து எழுகிறது என்பதால் நெடுங்காலம் அது தாவரங்களோடு சேர்த்தே வைக்கப்பட்டிருந்தது. 1969-இல் அமெரிக்க உயிரியலாளர் ராபர்ட் விட்டேக்கர் உயிரினங்களை ஐந்து உலகங்களாக வகைப்படுத்தியபோது, பூஞ்சைகளுக்குத் தனி உலகம் ஒன்றை ஒதுக்கினார். எலுமிச்சம்பழத்தில் படரும் பச்சைப் பூசணமும், ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டும், காட்டில் காணும் குடைக் காளானும் அந்த ஒரே உலகத்தைச் சேர்ந்தவை. அந்த உலகத்தின் உயிரினங்கள் அனைத்தையும் குறிக்கும் பொதுப்பெயர் பூஞ்சை. அவற்றுள் ஒரு பகுதி மட்டுமே கண்ணால் காணத்தக்க பெரிய உறுப்பை உருவாக்குகிறது. அந்த உறுப்பைத்தான் காளான் என்கிறோம். காளான்கள் எல்லாம் பூஞ்சைகளுடையவை. ஆனால் பூஞ்சைகள் எல்லாம் காளான் தருவதில்லை.

தாவரத்திடம் பச்சையம் உண்டு. அது சூரிய ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்கிறது. பூஞ்சையால் அது முடியாது. விலங்குகளைப் போலவே அதுவும் பிற உயிர்கள் ஆக்கிய உணவை நம்பியிருக்கிறது. அதன் செல்லைச் சுற்றியுள்ள சுவர் கைட்டின் என்ற பொருளால் ஆனது. நண்டு, வண்டு போன்றவற்றின் ஓட்டிலும் இதே பொருள்தான் இருக்கிறது. மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளும், பரிணாம வழியில் பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு என்று காட்டியுள்ளன.

இந்த உலகம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு மதிப்பீடு: அறிவியல் பெயரிடப்பட்ட பூஞ்சை இனங்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம், ஆனால் உலகில் இருக்கக்கூடியவை 22 லட்சத்திலிருந்து 38 லட்சம் வரை என்று 2017-இல் கணக்கிடப்பட்டது.

## தரைக்குக் கீழே இருக்கும் உடல்

வேர்ப்பலாவை நினைத்துப் பாருங்கள். சில பலாமரங்கள் மண்ணுக்குள்ளே வேரிலேயே காய்க்கும். நிலம் வெடித்து மணம் கிளம்பும்போதுதான் அங்கே பழம் இருப்பதே தெரியவரும். இப்போது அந்த மரத்தின் அடிமரம், கிளை, இலை ஆகிய அனைத்தும் மண்ணுக்குள் மறைந்திருக்க, பழம் மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை சில நாள்கள் வெளியே தலைகாட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். காளான் என்பது அந்தப் பழம். மரம் எங்கே என்று கேட்டால், நம் காலடியிலும் மட்கும் கட்டையின் உள்ளேயும் இருக்கிறது.

ஆனால் அந்த உடலில் தண்டோ இலையோ கிடையாது. அது முழுவதும் நூல்களால் ஆனது. தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ உள்ள இந்த நூல் ஒவ்வொன்றுக்கும் பூஞ்சையிழை என்று பெயர். இழைகள் நுனியில் வளர்ந்து, கிளைத்து, ஒன்றோடொன்று இணைந்து பின்னும் வலை முழுவதையும் இழைத்தொகுதி என்பர். மட்கிய கட்டை ஒன்றைப் புரட்டினால் அடியில் வெண்ணிறமாகப் படர்ந்திருக்கும் மெல்லிய விரிப்பு பெரும்பாலும் இதுவே.

நாம் உணவை உள்ளே எடுத்துக்கொண்டு பிறகு செரிக்கிறோம். பூஞ்சை, உணவுக்குள் தான் நுழைந்து, அதை வெளியிலேயே செரித்துவிட்டுப் பிறகு உறிஞ்சுகிறது. இழைகள் தம் நுனியிலிருந்து நொதிகளைக் கசிய விடுகின்றன. பெரிய மூலக்கூறுகளைச் சிறியவையாக உடைக்கும் புரதங்களே நொதிகள். உடைந்து கரைந்த சத்தை இழையின் சுவர் உள்ளிழுத்துக்கொள்ளும். இப்படி வாழும் உயிருக்கு மெல்லிய, நீண்ட, எங்கும் நுழையக்கூடிய உடலே வசதியானது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மால்யூர் தேசியக் காட்டில் தேன்காளான் வகையைச் சேர்ந்த ஒரே பூஞ்சை சுமார் 965 ஹெக்டேர் பரப்பில் மண்ணுக்கடியில் விரிந்திருக்கிறது. வெவ்வேறு இடங்களில் எடுத்த மாதிரிகளின் மரபணுக்கள் ஒத்திருந்ததால் அது ஒரே உயிர் என்று கண்டறிந்தார்கள். அதன் வயது ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேல் இருக்கும் என்பது மதிப்பீடு. இலையுதிர்காலத்தில் அது எழுப்பும் காளான்கள் சில வாரங்களில் மறைந்துவிடுகின்றன.

ஒரே இரவில் காளான் முளைப்பதன் விடையும் இங்கேதான் இருக்கிறது. இழைத்தொகுதி போதிய உணவைச் சேர்த்த பிறகு, மண்ணின் ஈரமும் வெப்பநிலையும் பொருந்தி வரும்போது, இழைகள் ஓரிடத்தில் நெருங்கிப் பின்னிச் சிறு மொட்டு ஒன்றை உருவாக்குகின்றன. தண்டு, தலை ஆகியவற்றின் வடிவம் அந்த மொட்டுக்குள்ளேயே பெரும்பாலும் அமைந்துவிடும். நல்ல மழை பெய்ததும் செல்கள் நீரை ஏற்று விரைவாக நீள்கின்றன. சில மணி நேரத்தில் மொட்டு குடையாக விரிகிறது. இடியும் மழையும் சேர்ந்தே வருவதால் பெருமை இடிக்குப் போய்ச் சேர்ந்தது. வேலையைச் செய்வது நீர்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பூஞ்சை தனி உலகத்தைச் சேர்ந்த உயிர். அதன் நிலையான உடல் இழைத்தொகுதி. காளான் அதன் தற்காலிக உறுப்பு. அந்த உறுப்பு எதற்காக என்பதே அடுத்த கேள்வி.

## வடிவங்கள் செய்யும் வேலை

பூஞ்சைகள் ஸ்போர் எனப்படும் நுண்துகள்களால் பரவுகின்றன. கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத, பெரும்பாலும் ஒரே செல்லால் ஆன இத்துகள், ஈரமும் உணவும் உள்ள இடத்தில் விழுந்தால் புதிய இழையாக முளைக்கும். அப்படி நல்ல இடத்தில் விழும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதால் அவை எண்ணிறந்து உருவாகின்றன. பெரிய பந்துக் காளான் ஒன்றில் சுமார் ஏழு லட்சம் கோடி ஸ்போர்கள் இருந்ததாகக் காளான்களை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த ஏ. எச். ஆர். புல்லர் கணக்கிட்டார். இத்துகள்களை உருவாக்கி, உலர்ந்தும் நனைந்தும் கெடாமல் காத்து, காற்றிலோ நீரிலோ பூச்சியின் காலிலோ ஏற்றி அனுப்புவதுதான் காளானின் பணி. வழி மாறும்போது வடிவமும் மாறுகிறது.

குடை வடிவத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். அதன் தலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மெல்லிய தகடுகள் நெருக்கமாகத் தொங்கும். சிறிய இடத்தில் பெரிய பரப்பை அடக்குவதற்கான ஏற்பாடு இது. தகட்டின் இருபுறமும் ஸ்போர்கள் காம்பு போன்ற கூர்நுனிகளில் அமர்ந்திருக்கும். ஸ்போரின் அடியில் ஒரு நுண்ணிய நீர்த்துளி திரண்டு வளர்கிறது; அது ஸ்போரின் பக்கவாட்டில் படிந்துள்ள நீர்ப்படலத்தைத் தொட்ட கணத்தில் இரண்டும் ஒன்றாகி, எடை திடீரென இடம் மாறுவதால் ஸ்போர் உந்தித் தள்ளப்படுகிறது. அந்தத் துளிக்குப் புல்லரின் பெயரே இன்றும் வழங்குகிறது. ஸ்போர் தாண்டும் தொலைவு மில்லிமீட்டரின் சிறு பங்குதான். கூடுதலாகத் தாண்டினால் எதிர்த் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். குறைவாகத் தாண்டினால் தன் தகட்டிலேயே தங்கிவிடும். இரண்டு தகடுகளின் நடுவெளிக்கு வந்து சேர்ந்ததும் அது நேர்க்கீழாக விழுந்து காற்றில் கலக்கிறது.

இதை அறிந்தபின் குடையின் ஒவ்வொரு பகுதிக்கும் காரணம் தெரிகிறது. தகடுகள் செங்குத்தாக இருந்தாக வேண்டும்; தண்டு சாய்ந்தால் காளான் தன்னை நிமிர்த்திக்கொள்வது இதற்காகவே. மழைத்துளி நேராக விழுந்தால் இந்த நுட்பமான எறிதல் கெட்டுவிடும் என்பதால் மேலே தலை மூடியிருக்கிறது. தரையை ஒட்டிய காற்று அசைவற்றது என்பதால் தண்டு தலையை உயர்த்திப் பிடிக்கிறது. காற்றே வீசாவிட்டாலும் வழி உண்டு: காளானிலிருந்து நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்று குளிர்ந்து கனத்துப் பக்கவாட்டில் பாய, அந்த ஓட்டத்தில் ஸ்போர்கள் ஏறிச் செல்வதை 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தன் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டைப் படித்த நாளிலிருந்து, காட்டில் அசையாமல் நிற்கும் குடைக் காளானைச் செயலற்றது என்று என்னால் நினைக்க முடிந்ததில்லை.

மரக்கட்டைகளில் விசிறிபோல் நீண்டு நிற்பவற்றில் பலவற்றுக்கு அடியில் தகடுகளுக்குப் பதில் ஊசித்துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையும் ஒரு குழாயின் வாய். குழாயின் உட்சுவரில் ஸ்போர்கள் உருவாகும். இவற்றில் பல மரம்போல் கடினமானவை, பல மாதங்கள் தொடர்ந்து ஸ்போர்களை உதிர்ப்பவை. தமிழ்நாட்டில் விறகுக் கட்டையில்கூடக் காணக்கூடிய, வெள்ளைப் பஞ்சு போர்த்திய சிறு விசிறிக் காளான் வேறொரு வழியைக் கையாள்கிறது. அதன் தகடுகள் நீளவாக்கில் பிளந்தவை. வெயிலில் சுருண்டு ஸ்போர் பரப்பை மூடிக்கொள்ளும், மழை பட்டதும் மீண்டும் விரியும்.

மழையைத் தடுக்காமல் அதையே வாகனமாக்கிக்கொண்டவை சில. பந்துக் காளானின் முதிர்ந்த பையின்மேல் மழைத்துளி விழும்போது அதன் உச்சித் துளை வழியே ஸ்போர்கள் புகையாகக் கிளம்பும். மண்விண்மீன் எனத்தக்க மற்றொரு வகையில் பந்தின் வெளித்தோல் பல கதிர்களாகப் பிரிந்து விரிய, நடுவே பை அமர்ந்திருக்கும். இவற்றினும் வியப்பானது பறவைக்கூட்டுக் காளான். ஒரு சென்டிமீட்டர்கூட அகலமில்லாத கிண்ணத்துக்குள் முட்டைகள்போல் சில உருண்டைகள் கிடக்கும். ஒவ்வொன்றும் ஸ்போர்கள் நிரம்பிய பொதி. மழைத்துளி கிண்ணத்தில் விழும் வேகத்தில் அந்தப் பொதி ஒரு மீட்டர் வரை தெறிக்கும். சில இனங்களில் பொதியின் பின்னே ஒட்டும் நுனியுடைய இழை ஒன்று நீண்டு, வழியில் எதிர்ப்படும் புல்லிலோ குச்சியிலோ சுற்றிக்கொள்ளும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் விழுந்த சுள்ளிகளில் இளஞ்சிவப்பிலும் ஆரஞ்சிலும் மின்னும் சிறு கிண்ணங்கள் இன்னொரு குடும்பம். அவற்றின் உட்புறத்தில் நுண்குழாய்ப் பைகள் நெருக்கமாக நிற்கும். உள்ளே நீரழுத்தம் ஏறி, நுனி திறந்து, ஸ்போர்கள் மேல்நோக்கிச் சுடப்படும். வானத்தைப் பார்த்து எறிவதால் இவற்றுக்குக் குடை இல்லை, கிண்ணமே போதும்.

பூச்சிகளை நம்புவது வலைக் காளான். முட்டை போன்ற உருண்டையிலிருந்து சில மணி நேரத்தில் வெண்தண்டு எழுந்து, தலைக்குக் கீழிருந்து மெல்லிய வலையொன்று தரையை நோக்கி விரியும். தலையில் பூசியிருக்கும் பசை அழுகிய இறைச்சியின் நாற்றமுடையது. ஈக்கள் தேடி வந்து அதை உண்டு ஸ்போர்களைச் சுமந்து செல்கின்றன. நாற்றத்துக்கு மூக்கைப் பொத்துபவரும் அந்த வலையின் நேர்த்தியைக் கண்டு நின்றுவிடுவார்.

இருளில் ஒளிரும் காளான்களையும் இங்கே சொல்ல வேண்டும். உலகில் நூற்றுக்கும் மேற்பட்ட பூஞ்சை இனங்கள் இவ்வாறு ஒளிர்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மழைக்காலத்தில் மட்கும் மரங்களில் இவ்வொளி காணப்படுகிறது. லூசிஃபெரின் என்ற சேர்மம் ஒரு நொதியின் உதவியால் ஆக்சிஜனோடு வினைபுரியும்போது வெளிப்படும் ஆற்றலே இந்தப் பச்சை ஒளி; வெப்பம் ஏறக்குறைய இல்லை. பிரேசிலில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், ஒளியூட்டிய போலிக் காளான்களை நோக்கி இரவில் பூச்சிகள் கூடுதலாக வந்தன. ஆனால் ஆஸ்திரேலியாவின் ஓர் ஒளிரும் காளானை வைத்துச் செய்த மற்றோர் ஆய்வில் அத்தகைய ஈர்ப்பு தென்படவில்லை. ஆகவே எல்லா இனங்களுக்கும் ஒரே காரணத்தைச் சொல்லிவிட முடியாது.

சுருக்கமாக: குடையும் துளையும் காற்றுக்கானவை, பந்தும் கூடும் மழைக்கானவை, நாற்றம் ஈக்கானது.

## எதை உண்கின்றன?

பல காளான்கள் இறந்தவற்றை மட்கச் செய்பவை. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளை முழுமையாக உடைக்கும் திறன் மிகச் சில உயிர்களுக்கே உண்டு. அவற்றுள் முதன்மையானவை பூஞ்சைகள். அவை லிக்னினை நீக்கிய கட்டை வெளுத்து நாராகும். மரத்தின் மற்றொரு முதன்மைப் பொருளான செல்லுலோஸை மட்டும் அவை உண்ட கட்டை பழுப்பாகிச் சதுரம் சதுரமாக வெடிக்கும். காட்டில் கிடக்கும் கட்டையைப் பார்த்தே உள்ளே நடப்பது எது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

வேறு சில, உயிருள்ள மரத்தின் வேரோடு கூட்டு வாழ்க்கை நடத்துகின்றன. வேர்நுனியை இழைகள் உறைபோலச் சூழ்ந்தோ வேர்ச்செல்லுக்குள் நுழைந்தோ அமையும் இந்தக் கூட்டுக்கு வேர்ப்பூஞ்சை என்று பெயர். 1885-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்னார்ட் ஃபிராங்க் இதற்கு அறிவியல் பெயரிட்டார். பூஞ்சை நீரையும் பாஸ்பரஸ் போன்ற சத்துகளையும் தருகிறது. மரம் சர்க்கரை தருகிறது. கொடைக்கானலில் பைன் மரங்களின் கீழ் வெண்புள்ளிகளுடன் எழும் சிவப்புக் காளான் இத்தகையது. வெளிநாட்டு மரமான பைனோடு கூட்டுச் சேர்ந்து வாழ்வதால், அதை அந்த மரம் உள்ள இடத்திலேயே தேட வேண்டும்.

மரங்கள் பூஞ்சை வழியே பேசிக்கொள்கின்றன என்ற கதை இங்கிருந்துதான் கிளம்பியது. 1997-இல் சூசன் சிமார்ட் குழுவினர் கனடாக் காட்டில் இருவேறு மர இனங்களுக்கிடையே கார்பன் இடம் மாறியதைக் காட்டினர். அது மதிப்புமிக்க ஆய்வு. ஆனால் தாய்மரம் தன் குஞ்சுகளை அடையாளம் கண்டு ஊட்டுகிறது, ஆபத்தை அறிவிக்கிறது என்று பின்னர் பரவிய செய்திகளுக்கு இயற்கைக் காடுகளில் போதிய சான்று இல்லை என 2023-இல் அத்துறை ஆய்வாளர்களே விரிவாக எழுதினார்கள். வேரும் பூஞ்சையும் பண்டம் மாற்றிக்கொள்வது உறுதி. மரங்களின் உரையாடல் என்பது உறுதியில்லாதது.

தமிழர்களுக்கு மிக நெருக்கமான கூட்டு வேறொன்று உண்டு: புற்றுக் காளான். சிலவகைக் கறையான்கள் தாம் விழுங்கிய இலைதழையையும் மரத்துகளையும் பாதி செரித்து வெளியேற்றி, அதைக் கொண்டு புற்றுக்குள் தேனடை போன்ற அமைப்பைக் கட்டுகின்றன. அதன்மேல் குறிப்பிட்ட ஒரு பூஞ்சை வளர்ந்து, கறையானால் செரிக்க முடியாததை உடைத்து, வெண்ணிறச் சிறு உருண்டைகளைத் தருகிறது. கறையான்கள் அவற்றை உண்கின்றன. மழை வந்ததும் பூஞ்சை அந்தப் பாத்தியிலிருந்து நீண்ட வேர் போன்ற தண்டை மேலே செலுத்தி, மண்ணைப் பிளந்து குடை விரிக்கிறது. தரங்கம்பாடியில் மருத்துவராகப் பணிபுரிந்த யோகான் கெர்ஹார்ட் கோனிக், 1779-இல் வெளியான கட்டுரையில் இந்தப் பூஞ்சைத் தோட்டங்களைப் பற்றி எழுதினார். பின்னர் இலங்கையின் பேராதனைத் தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றிய டாம் பெட்ச் 1906-இல் அவற்றை விரிவாக ஆராய்ந்தார். சிப்பிக் காளானைப் போல வைக்கோலில் இதை வளர்க்க முடியாததற்குக் காரணம், கறையான் செய்யும் அந்தப் பணியை நாம் செய்ய இயலாததே. சுவையைப் பற்றி அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

## நஞ்சை நிறத்தால் அறிய முடியாது

வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, பூச்சி அரித்திருந்தால் உணவு, வேகவைத்தால் நஞ்சு போய்விடும் ஆகிய மூன்று நம்பிக்கைகளும் தவறானவை, உயிரைப் பறிக்கக்கூடியவை. உலகில் காளானால் நேரும் இறப்புகளில் பெரும்பகுதிக்குக் காரணமான மரணத்தொப்பிக் காளான் வெளிர்பச்சையோ வெண்மையோ உடையது. அதை உண்டவர்கள் சுவை நன்றாக இருந்ததாகவே சொல்லியிருக்கிறார்கள். அதன் நஞ்சு கல்லீரல் செல்கள் புரதம் ஆக்குவதை நிறுத்துகிறது. சமையல் வெப்பத்தால் அழிவதில்லை. ஆறு மணி நேரத்துக்குப் பிறகே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பிறகு தேறிவிட்டதுபோல் ஓர் இடைவெளி வரும். அதன்பின் கல்லீரல் செயலிழக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் உண்டு 13 பேர் இறந்தனர். அவர்களில் பலர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். ஐயம் இருந்தால் உண்ணாதிருப்பதும், உண்டுவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் மிச்சக் காளானோடு மருத்துவமனைக்குப் போவதுமே வழி. தொடுவதால் மட்டும் நஞ்சு ஏறாது. ஆகவே அச்சமின்றிக் கூர்ந்து பார்க்கலாம்.

## பார்க்கத் தொடங்குபவருக்கு

காளானைக் கண்டால் முதலில் அது எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள்: மண்ணா, கட்டையா, சாணமா, புற்றா, எந்த மரத்தின் அடி? பிறகு குனிந்து, அதைப் பிடுங்காமலே, தலையின் அடியில் தகடா துளையா என்று பார்க்க ஒரு சிறு கண்ணாடியைத் தரையில் வைத்தால் போதும். காப்புக்காடுகளில் எதையும் எடுக்க அனுமதி வேண்டும் என்பதால் இந்தப் பழக்கம் நல்லது. பாதையை விட்டு விலகாமல் நடப்பதும் அவ்வளவே முக்கியம்: சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நடந்த ஆய்வில், காளான் பறிப்பதால் அடுத்தடுத்த ஆண்டுகளின் விளைச்சல் குறையவில்லை, மண்ணை மிதிப்பதால் குறைந்தது.

வீட்டுத் தோட்டத்தில் முளைத்த காளான் என்றால் இன்னொன்றும் செய்யலாம். தண்டை நீக்கிவிட்டுத் தலையை, தகடுகள் கீழ்நோக்கும்படி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின்மேல் வைத்து, ஒரு கிண்ணத்தால் மூடி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் எடுத்தால், உதிர்ந்த ஸ்போர்கள் தகடுகளின் வரிசையை அப்படியே கதிர்க்கோலமாகத் தாளில் பதித்திருக்கும். இனத்துக்கேற்ப அது வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். நம் ஊர்ப் புல்வெளிகளில் மழைக்குப் பின் தட்டுப்போல் விரியும் பெரிய வெள்ளைக் குடை ஒன்றில் மட்டும் அந்தப் பதிவு மங்கிய பச்சையாக விழும். உணவுக் காளான் என்று கருதி உண்டு பலர் கடும் வாந்திக்கு ஆளாகும் இனம் அது.